ஸாலிஹா நடந்த முடுக்கு

ஷார்ஜாவிலிருந்து வந்த பார்சலில் வளையல் இருக்கும் என்றுதான் ஸாலிஹா நினைத்தாள். பிரித்துப் பார்த்தால் கறுப்பு நிறத்தில் ஒரு கைக்கடிகாரம்.

"நீ எத்தனை எட்டு வச்சே, எவ்வளவு கலோரி எரிச்சேன்னு எல்லாம் அது சொல்லும்" என்று போனில் சொன்னார் கணவர் ஈஸா. "தெனமும் ஒரு மணி நேரம் நட. நானும் இங்கயிருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தொண்ணூற்றிரண்டு கிலோ. கல்யாண வீடுகளில் சொந்தக்காரிகள் மேலும் கீழும் பார்ப்பது போதாதென்று, இப்போது கடல் தாண்டியும் ஒரு கண்ணா? ஆனாலும் மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் முடுக்கில் இறங்கினாள். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வருவதற்கென்றே இருக்கிற சந்து அது. முதல் நாள் மூன்றாவது திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. சுவரில் கை ஊன்றி நின்றுவிட்டாள். விடவில்லை. மூன்று வாரத்தில் முழுசாக ஒரு மணி நேரம் நடந்தாள்.

கடிகாரம் நானூற்றுப் பத்துக் கலோரி என்று காட்டியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே பெருமை. தினமும் டீயோடு இரண்டு இறைச்சிச் சம்சா எடுத்துவைத்துக்கொண்டாள். எரித்தாயிற்றே, அப்புறம் என்ன? நடந்த அசதியில் மத்தியானம் வரை சோபாவை விட்டு எழுந்திருப்பதும் இல்லை.

மாதம் முடிந்து டாக்டரிடம் போய் எடை பார்த்தால் தொண்ணூற்று மூன்றரை.

"என்னைய ஏமாத்துதா டாக்டர் இந்த வாட்ச்?" என்று கண் கலங்கக் கேட்டாள்.

டாக்டர் ஈவாஞ்சலின் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் உடம்பு மூச்சு விட, ரத்தம் ஓட்ட சக்தியைச் செலவழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். வாட்ச் அதையும் சேத்துச் சொல்லுது, கொஞ்சம் கூட்டியும் சொல்லுது. நடந்ததால கூடுதலாச் செலவானது இருநூறு சொச்சம்தான் இருக்கும். ரெண்டு சம்சால அதுக்கு மேலயே உள்ள போயிருது."

"அப்போ நடந்து பிரயோசனமே இல்லையா?"

"யாரு சொன்னா? உங்க சர்க்கரை கொறைஞ்சிருக்கு, பாருங்க. பிரஷரும் எறங்குது. எடை கொறையச் சாப்பாட்டையும் பாக்கணும். கொறைஞ்ச எடை திரும்ப ஏறாம இருக்க நடை வேணும். ஒரு மணி நேரம் நடந்துட்டு மிச்ச நாள் பூரா உக்காந்திராதீங்க, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து மகள் சமீராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமீரா உம்மாவின் போனை வாங்கி எதையோ தட்டினாள். "உம்மா, வாப்பா நம்மளப் பாக்குற மாதிரி நாமளும் அவங்களப் பாக்கலாம். அவங்களும் இதே வாட்ச்தான் கட்டியிருக்காங்க."

ஈஸாவின் பெயருக்கு நேரே நேற்று வைத்த எட்டு தொள்ளாயிரம். முந்தாநாள் ஆயிரத்து நூறு. அந்த மாதம் முழுக்க அப்படித்தான்.

ஸாலிஹாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. உடனே போன் போட்டாள். "என்னைய நட நடன்னு வெரட்டிட்டு நீங்க என்ன செய்யுதிய? கட்டில்ல இருந்து எந்திரிக்கிறதே இல்லையா?"

அந்தப் பக்கம் அவர் டிவியை அணைப்பது கேட்டது. "மச்சான்?" என்றாள்.

"நூத்திப் பன்னெண்டு கிலோ ஆயிட்டேன் ஸாலிஹா" என்றார் ஈஸா மெல்ல. "குடோன்ல நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான் வேலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் லிப்ட் ஓடல, மாடி ஏறையில நெஞ்ச அடைச்சிருச்சி. ஆஸ்பத்திரில பாத்தாங்க. இருதயத்துல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு, நடக்காம தீராதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்குத்தான் ரெண்டு வாட்ச் வாங்குனேன். நீ நடக்குறதப் பாத்தா எனக்கும் ரோஷம் வரும்னு நெனச்சேன். வரல."

இரண்டு வருஷமாக வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வந்த கோபம் வந்த வழியே போய், பயம் வந்துவிட்டது. தனியாக, மாடிப்படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாளைக்குக் காலைல ஆறரைக்கு நான் எறங்குவேன்" என்றாள். "அங்க அஞ்சு மணி. போனைக் காதுல மாட்டிக்கிட்டு நீங்களும் எறங்கணும். கொஞ்ச தூரம் போனா போதும்."

மறுநாள் அவர் பத்து நிமிஷம்தான் நடந்தார். அவர் இரைப்பு இங்கே அவள் காதில் கேட்டது. "நில்லுங்க, மூச்சு விட்டுட்டு நடங்க" என்று இவளும் நின்றாள். அப்படித் தொடங்கியதுதான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. ராத்திரி பரோட்டாவைப் பாதியாக்கியது, அறையில் கூட இருப்பவர் பொரியலுக்கு எண்ணெயை ஊற்றுகிற ஊற்று எல்லாவற்றையும் அவர் சொல்வார். சம்சாவை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகக் குறைத்த கதையை அவள் சொல்வாள். வெயில் காலத்தில் அவர் நான்கு நாள் நடக்கவில்லை. அவள் திட்டவில்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

பத்து மாதத்தில் அவள் எண்பத்தைந்துக்கு வந்தாள். அவர் நூற்று நான்கு. "இனிமே மெதுவாத்தான் எறங்கும்" என்று ஈவாஞ்சலின் எச்சரித்தார். "எறங்கும்போது எறங்கட்டும் டாக்டர். எங்க வீட்டு மாடிப்படியில இப்ப நிக்காம ஏறுதேன்" என்றாள் ஸாலிஹா.

பெருநாளுக்கு ஈஸா லீவில் வந்தார். வாசலில் இறங்கியதும் சட்டையை இழுத்து இழுத்து வயிற்றை மறைத்தார். அவள் அதைக் கவனிக்காதது போலப் பையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். மணலில் கால் புதையப் புதைய நடப்பது தார்ரோட்டில் நடப்பது மாதிரி இல்லை. கொஞ்ச தூரத்திலேயே அவர் பின்தங்கினார்.

"மூச்சு வாங்குதா மச்சான்?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல" என்றார், வாயால் மூச்சு விட்டுக்கொண்டே.

ஸாலிஹா அலை நனைத்த கெட்டி மணலுக்கு இறங்கி, அவர் வந்து சேரும்வரை நின்றாள். பிறகு தன் எட்டைச் சுருக்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.