கூழைக்கடா பார்க்க வந்த துரை

கோட்டைக்குள் புழுங்கிப்போன ஒல்லாந்துத் துரையும் துரைசானியும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் பறவை பார்க்கக் கிளம்பினார்கள். படகோட்ட அகப்பட்டவன் பச்சைமுத்து. அன்றைக்கென்று பார்த்து அவனுடைய பாடு, அதாவது மீன்பிடி முறை. ஊர் முறைப்படி பசியாவரம் பக்கத்து ஏரித் தண்ணீரில் அன்று அவன் மட்டும்தான் வலை போடலாம். விட்டால் மறுபடி முறை வர மாசக்கணக்காகும்.

துரை படுத்ததும் வலை விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, அந்த இடத்துக்கு எதிரிலேயே கூடாரத்தைச் சுமந்து இறக்கினான். இடுப்பு விட்டுப்போனது.

மீன் இருக்கும் இடம் கூழைக்கடாவுக்குத் தெரியாதா? கூட்டமாக இறங்கி மொண்டு மொண்டு விழுங்கின.

துரை பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி செங்கல்வராயன் கிசுகிசுத்தான்: “பொழுது சாயற வரைக்கும் யாரும் தண்ணியில கால் வெக்கக் கூடாதுனு துரை சொல்றாரு. பறவை பறந்துடுமாம். நீயும் சும்மா குந்து.”

பச்சைமுத்து காய்ந்த வலைமேல் குந்தி, தன் மீன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்தபோது அங்கே வலை போட மீன் மிச்சமில்லை. துபாஷி மறுபடி வந்தான். “நீ நல்ல எடமா பாத்து இட்டாந்தேனு துரைக்கு ஒரே சந்தோசம். நாளைக்கும் இங்கதான் கூடாரமாம்.”

பச்சைமுத்துவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. “வேற எடம் காட்றேன்னு சொல்லு. நாளைக்கு இது வரதன் பாடு. அவன் வாயிலயும் மண்ணு வேணாம்.”