ஒயின் ஜாடியில் பிறந்தது

ஸ்வீட்லினுக்கு முதலில் அது ஏதோ கைப்பிசகு என்றுதான் பட்டது.

அம்பத்தூர் ஆய்வகத்தின் கணினித் திரையில் மூன்று ஈஸ்ட்களின் மரபணு வரிசைகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று ஆவடி பேக்கரி மாவில் எடுத்தது. இன்னொன்று வெள்ளானூரில் ஒரு மரப்பட்டையிலிருந்து சுரண்டியது. இரண்டும் வேறு வேறு இனங்கள்; மனிதர்கள் தோன்றுவதற்கு முன்பே பிரிந்து போனவை. மூன்றாவது, கிறிஸ்துமஸுக்காக அண்ணன் ஷெர்வின் வானகரம் வீட்டில் போட்டிருந்த திராட்சை ஒயினில் கிடைத்தது. விளையாட்டாகத்தான் ஒரு சொட்டு கொண்டுவந்திருந்தாள். அதற்குள் அந்த இரண்டு இனங்களின் மரபணுக்களும் முழுசாக இருந்தன.

மறுபடி செய்து பார்த்தாள். அதேதான். அண்ணன் தூவிய பேக்கரி ஈஸ்டும், திராட்சைத் தோலில் ஒட்டி வந்த காட்டு ஈஸ்டும் ஜாடி இருட்டில் கூடிவிட்டன. மிதப்பதுபோல் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, ஒயின் ஜாடி எங்க?"

"ஒரு மாரி நாறிச்சு. கொட்டிட்டேன். இன்னாத்துக்கு?"

"அதுல புதுசா ஒண்ணு பொறந்திருந்துச்சு. ரெண்டு இனம் சேந்த ஈஸ்ட்."

ஷெர்வின் காலி ஜாடியை எட்டிப் பார்த்தான். "அதுக்குப் புள்ள குட்டி ஆவுமா?"

"அநேகமா ஆவாது."

ஆய்வகத்தில் மிச்சமிருந்த கலப்பு ஈஸ்டைப் பட்டினி போட்டு வித்து விடவைத்தாள்; ஈஸ்டுக்கு அதுதான் பிள்ளை குட்டி. வித்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டுகளில் வைத்தாள். எதுவும் முளைக்கவில்லை. மழை வழியும் பஸ் ஜன்னலோரம் கண்மூடினால், ஆதியில் ஒன்றாயிருந்த செல் இரண்டாகி, ஒன்று மரமேறிப் போக, மற்றது மாவைத் தேடி மிதந்து போவது தெரியும். இறங்குமிடம் பலமுறை தாண்டிப்போனது.

ஒரு காலையில், ஒரு தட்டில் வெள்ளையாகப் புள்ளி ஒன்று முளைத்திருந்தது. அதன் வரிசையையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனைக் கூப்பிட்டாள். லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு வந்தான்.

"இதுவா? உப்புக்கல்லு மாரி கீது."

"பாதி பேக்கரி ஈஸ்ட், பாதி காட்டு ஈஸ்ட்ண்ணே. ஆனா அந்த ரெண்டோடயும் இனி சேராது. தனியாதான் பெருகும்."

ஷெர்வின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் நெடுநேரம் பார்த்தான்.

"பாவம், தனியா கீது," என்றான்.

அன்று மாலையே அதில் கொஞ்சம் எடுத்து, பக்கத்தில் துணைக்கு இன்னொரு தட்டிலும் பெருக விட்டாள் ஸ்வீட்லின்.