மேயர் இல்லாத ஸ்காபரோ

எழுந்ததும் கேத்திலில் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்வரை பல் துலக்கினேன். தேநீருக்குச் சீனி போட்டேனா என்று நினைவில்லை, குடித்தபோதும் தெரியவில்லை. ஒரு மாதம் வளர்ந்திருந்த தாடியை மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பாரிசின் புறநகரான எங்கள் கார்ஜ் நிலையத்தில் ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள். நின்றேன். வந்ததும் ஏறினேன்.

அன்று என் மனைவி தர்மிளா இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். ஐயர் வருவதற்கு முன் ரூ பெர்தொனே என்ற தெருவிலுள்ள அச்சகத்துக்குப் போய்க் கல்வெட்டை எடுக்க வேண்டும். இறந்தவரின் படத்தையும் வரலாற்றையும் போட்டு, அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். பின்பாதியில் வழக்கமாகத் தேவாரமும் சிவபுராணமும் இருக்கும். தர்மிளாவின் கல்வெட்டில் அவள் எழுதிய கட்டுரையைப் போடச் சொல்லியிருந்தேன். ரொறன்ரோவிலும் அதன் புறநகர்களிலும் மேயர்கள் இருந்த வரலாறு அது. ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து, கனடாவில் அந்தப் புறநகர்களில் ஒன்றான ஸ்காபரோவுக்குப் போய், அங்கே வளர்ந்து, நகராட்சிகளைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் படித்தவள். 2013இல் என்னைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்தாள். 2017இல், இருபத்தொன்பதாவது வயதில், மூளையில் இரத்தம் கசிந்து இறந்தாள்.

அச்சகம் மகாலிங்கம் அண்ணையுடையது. ஆட்களின் வரலாறுகளையும் அவரே எழுதுவார். பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. ஒன்றைப் பிரித்தேன்.

“நாலாம் பக்கத்திலை என்ன அண்ணை இது?”

“ஏன், படம் கறுப்பா விழுந்திட்டுதோ?”

வாசித்துக் காட்டினேன். ‘ஸ்காபரோ மாநகரின் முதல் தமிழ் மேயராக வந்திருக்க வேண்டியவர். இறுதி மூச்சிலும், என் மக்களுக்குச் சேவை செய்யாமல் போகிறேனே என்று கலங்கினார்.’

“நல்லாத்தானே இருக்கு.”

“ஸ்காபரோவுக்கு மேயர் இல்லை அண்ணை.”

“உனக்கென்ன விசரே? எங்கடை சனம் அவ்வளவு இருக்கிற ஊர். உன்ரை கார்ஜுக்கே ஒரு மேயர் இருக்கிறார்.”

“தொண்ணூற்றேழோடை முடிஞ்சுது. அவவே எழுதியிருக்கிறா. பின்னாலை கிடக்கு, நீங்கள்தானே அச்சடிச்சனீங்கள்.”

“அதை ஆர் தம்பி வாசிக்கப்போயினம்? சிவபுராணம் போடுவம் எண்டு சொன்னனான். நீதான் கேக்கேல்லை.”

“அவ சாகேக்கை இப்பிடிச் சொல்லவுமில்லை.”

“போன கிழமை ரெலிபோனிலை முழுக்க வாசிச்சுக் காட்டினனான். ஓம் ஓம் எண்டு சொன்னனீ.”

சொல்லியிருப்பேன். அந்த மாதம் எல்லோருக்கும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்கு ஓம், கறிகளுக்கு ஓம், மாலைக்கு ஓம்.

நின்றபடியே அவள் கட்டுரையைப் புரட்டினேன். ஸ்காபரோ கிராமமாக இருந்தபோது அதன் தலைவருக்கு வேறு பதவிப்பெயர். 1967இல்தான் மேயர் வந்தார். ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ற் யோர்க் என்று ஆறு இடங்களுக்கும் ஆறு மேயர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கப்போகிறோம் என்று மாகாண அரசு சொன்னது. மக்களிடம் கேட்டார்கள், பெரும்பான்மையானோர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் ஒன்றாக்கினார்கள். ‘1997 முடிந்த இரவு ஆறு மேயர்கள் படுத்தார்கள், காலையில் ஒருவர் எழும்பினார்’ என்று எழுதியிருந்தாள். ‘நம்மவர்கள் ஸ்காபரோவில் நிறைந்து, குடியுரிமை எடுத்து, வாக்களிக்கத் தயாரானபோது, ஸ்காபரோவுக்கென்று மேயர் இருக்கவில்லை. தபால் முகவரியில் மட்டும் அந்த ஊர் இருக்கிறது.’

இந்த ஒன்றை ஒழுங்காகத் தெரிந்தவள். அவளுடைய கல்வெட்டே அவளைத் தெரியாதவளாக்கி வைத்திருந்தது. அதை வாங்கி வாசிக்கப்போகிறவர்களில் பாதிப்பேருக்குக் கனடாவில் சொந்தம் இருக்கிறது. அவளுடைய தாயே ஸ்காபரோவிலிருந்து வந்திருந்தார். திருப்பி அச்சடிக்க நேரமில்லை.

தடித்த கறுப்புப் பேனா ஒன்று கேட்டேன். மகாலிங்கம் அண்ணைக்கு விளங்கிவிட்டது.

“வெட்டாதை தம்பி. பிழையெண்டாலும் கிடக்கட்டும். வெட்டினால் சனம் வேறை கதைக்கும்.”

கேட்கவில்லை. மண்டபத்தின் பின்னறையில் பெட்டிமேல் உட்கார்ந்து அந்த வரிகளை ஒவ்வொரு புத்தகத்திலும் கறுப்பாக்கினேன். ஐயர் இரண்டு தரம் கூப்பிட்டு ஆளனுப்பினார். முடித்துவிட்டே போனேன். விரல்களில் மையோடு பிண்டம் வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கல்வெட்டைக் கொடுத்தார்கள். நான் பாயச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன். ஒரு அம்மா புத்தகத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, கறுப்புக்குப் பின்னால் எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொம்பிளைப்பிள்ளையின்ரை வரலாற்றிலை வெட்டுறதுக்கு என்ன கிடக்கு?”

“கனடாவிலை வளர்ந்த பிள்ளையெல்லே.”

“முதல் ஒருக்கா கலியாணம் முடிச்சவவோ தெரியேல்லை.”

“அதுதானே பார்த்தன், கனடாப் பிள்ளையை ஏன் இஞ்சை கொண்டுவந்து கட்டிக் குடுத்தவையெண்டு.”

“சும்மா இரும், பெடியன் வாறான்.”

வாளியை அவர்கள் முன் பிடித்தேன். பாயசம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதமாக எனக்கு எதுவும் வரவில்லை, அழுகைகூட. முதலில் வந்தது வெட்கம். பேசாமல் விட்டிருந்தால் அவள் ஒரு தவறான வரியோடு போயிருப்பாள். நான் பேனா எடுத்து அவளுக்கு ஒரு கெட்ட பெயரை உண்டாக்கியிருந்தேன்.

மாமி ஜெகதீஸ்வரி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். சாப்பிடவில்லை. மடியில் நாலாம் பக்கம் விரிந்து கிடந்தது. பின்னால் நடந்த பேச்சு அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“மருமகன், இஞ்சை வாங்கோ.”

போனேன். சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

“என்ரை பிள்ளையின்ரை பக்கத்திலை என்னத்தை வெட்டினனீங்கள்?”

“பிறகு சொல்லுறன் மாமி.”

“இப்ப சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ.”

வாளியைக் கீழே வைத்தேன். “ஸ்காபரோவுக்கு மேயரா வரவேண்டியவ எண்டு அடிச்சிருந்தது.”

“இதைப்போய் ஏன் வெட்டுவான்?” என்றார் பின்னாலிருந்த ஒருவர். “பெருமைதானே.”

மாமி திரும்பவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார். “ஸ்காபரோவுக்கு ஏது மேயர்? சிற்றிசன் எடுத்துப்போட்டு முதல் முறையா வோட்டுப் போடப் போகேக்கை இவளைத்தான் கூட்டிக்கொண்டு போனனான். பன்னிரண்டு வயசு. எனக்கு இங்கிலிஸ் ஓடாது. எங்கையடி எங்கடை ஸ்காபரோ மேயரின்ரை பேரெண்டு கேட்டன். ‘அந்த ஆளை எப்பவோ வீட்டை அனுப்பிப்போட்டாங்கள் அம்மா’ எண்டாள். வோட்டுப் போட நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது, அப்பிடிச் சிரிப்பு அவளுக்கு.” கறுப்புக் கோட்டை விரலால் தடவினார். “வெட்டினது சரி.”

நான் வாளியை எடுக்கக் குனிந்தேன்.

“நில்லுங்கோ. இரண்டு இடத்திலையெல்லே வெட்டியிருக்கு. மற்றது?”

“கடைசியாச் சொன்னது எண்டு ஒரு வசனம் அடிச்சிருந்தது. அவ அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப என்ன சொன்னவள்?”

ஒரு மாதமாக ஒருவரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. மகாலிங்கம் அண்ணை கதவோரம் நின்று நிலத்தைப் பார்த்தார். கல்வெட்டில் போடக்கூடிய வசனம் அல்ல அது. மாமியை ஆற்றக்கூடியதும் அல்ல. அதில் அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. பின்வரிசையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்படியே சொன்னேன்.

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோவதற்கு முன், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மருத்துவர் பிரெஞ்சில் கேள்விகள் கேட்டார். பெயர் கேட்டார், சொன்னாள். மாதம் கேட்டார், சொன்னாள். ஜனாதிபதி யார் என்றார். அதற்கும் சரியாகச் சொன்னாள். பிறகு மேயர் யார் என்று கேட்டார். தர்மிளா கண்ணை மூடினாள். மருத்துவர் காத்திருந்துவிட்டு, குழப்பம் என்று தாளில் குறித்தார். அவள் கண்ணைத் திறந்து, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

“எந்த ஊருக்கு, எந்த வருசத்திலையெண்டு முதல் அவரைக் கேளுங்கோ.”