துண்டால் கட்டிய கை

1

இந்தக் கதை எனக்குப் பென்னாகரம் போகும் பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் மடித்த வெள்ளைக் கோட்டு. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. முகம் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'காவிரி நுங்கும் நுரையுமாகப் பொங்கிய ஓர் ஆடிக் காலையில்...'

(வேண்டாம். ஆற்றை வர்ணித்தால் நீங்கள் மீன் வறுவல் தின்னக் கிளம்பிவிடுவீர்கள்.)

அவளுக்குத் தேவிப்பிரியா என்று பெயர் வைக்கிறேன். வீடுவீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவள். நோயாளியைச் சோர்ந்துபோகாமல் இழுத்துப் பிடிப்பது எப்படி என்று அவளைப் போன்றவர்களுக்குத் தர்மபுரியில் ஒரு வகுப்பு நடந்தது.

"செய்ங்க செய்ங்கன்னு மிரட்டாதீங்க. என்ன ஆசைன்னு கேளுங்க. அந்த ஆசையையே பயிற்சியா மாத்துங்க. துளி அசைஞ்சாலும் பாராட்டுங்க" என்றார் பயிற்சியாளர்.

(எங்கள் தொழிலிலும் இதே பாடம்தான். இதுவரை வாசித்துவிட்டீர்களே, பேஷ்!)

3

அர்ச்சுனன் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டியவர். வாதத்தில் வலப்பக்கம் விழுந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"உங்களுக்கு என்ன ஆசைண்ணா?" என்று கேட்டாள் தேவிப்பிரியா.

"பரிசல் ஓட்டணும். வேற என்ன?"

மறுநாள் அவருடைய துடுப்பையே எடுத்து மடியில் வைத்தாள். பிடிப்பில்லாத வலக்கையைத் துண்டால் துடுப்போடு சேர்த்துக் கட்டினாள். கட்டில்தான் பரிசல், வாசற்படிதான் ஒகேனக்கல் ஐந்தருவி. இடக்கை இழுக்க, வலக்கையும் கூடவே போய்வந்தது.

"பாத்தீங்களா டாக்டரம்மா? கை வருது!"

இழுத்தது இடக்கை. அவளுக்குத் தெரியும். ஆனால் பாராட்ட வேண்டுமே.

"வருதுண்ணா. சூப்பரா வருது."

(இந்த வரியை மாற்றி எழுதிப் பார்த்தேன். 'இல்லண்ணா, அது இடக்கை' என்று அவளைச் சொல்லவைத்தால், மனிதர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். கதையும் அவரோடு படுத்துவிடுகிறது.)

அன்றிலிருந்து வெறிபிடித்தவராய்ப் பயிற்சி செய்தார். எழுந்தார், நடந்தார், தானே குளித்தார். மனைவி நஞ்சம்மாள் அழுதேவிட்டாள். வலக்கை மட்டும் ஈரத்துணியாகத் தொங்கியது. அது இனி வராது. இன்று சொல்லிவிடலாம் என்று போவாள் தேவிப்பிரியா. அவர் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று திரும்புவாள். ஆற்றில் வெள்ளம், பரிசல் ஓட்டத் தடை. அந்தத் தடைதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

4

இன்று தடை நீங்கிவிட்டது.

முடிவு ஒன்று: மற்ற பரிசல்காரர்கள் அவரைத் தடுக்கிறார்கள். (அவர்கள் போகும்வரை காத்திருக்கிறார்.)

இன்னொரு முடிவு: கை உண்மையிலேயே வந்துவிடுகிறது. (எழுதும்போதே வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.)

இன்னொன்று: பரிசல் கவிழ்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான். ஆனால் துடுப்போடு கட்டிய கை...

5

பேருந்து இண்டூர் தாண்டிவிட்டது. போன் மறுபடி அடிக்கிறது. இந்த முறை அவளை எடுக்கவைக்கிறேன்.

"டாக்டரம்மா, நஞ்சம்மா பேசறேங்க. வூட்ல இருந்து ஆத்துக்கு நடந்தே வந்துட்டாரு. பரிசல்ல ஏறி உக்காந்துக்கிட்டு, நீங்க கட்டறாப்பலயே துண்டக் கட்டச் சொல்றாருங்க. கட்டட்டுங்களா? எனக்குப் பயமா இருக்குங்க. இருங்க, அவருகிட்டயே குடுக்கறேன்."

"டாக்டரம்மா!" அந்தக் குரலில்தான் எவ்வளவு சந்தோஷம். "கை வருதுன்னு இவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நம்பவே மாட்டேங்கறா."

வருகிறது என்றால் ஆறு. இல்லை என்றால் அந்தச் சுவர். இனி எந்த ஆசையைக் கேட்டும் அவரைத் திருப்ப முடியாது.

தேவிப்பிரியா போனை என்னிடம் நீட்டுகிறாள். நான் அதை உங்களிடம் நீட்டுகிறேன், பிடியுங்கள்.

"டாக்டரம்மா? இருக்கீங்களா?"