எண் இறங்குகிறது

இரண்டாவது ஊசியைக் கசில்டா ஒலிவ மரத்தின் தண்டுக்குள் செலுத்திக்கொண்டிருந்தபோது தம்பி எவுசேபியோ தோட்டத்து வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடைசி நேரத்துல பக்கத்துல இருந்திருக்கலாம்லக்கா."

"அப்பாதாண்டா விரட்டினார். 'எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்து என்ன செய்யப்போற, போய் மரத்தைப் பாரு'ன்னார்."

 ஊசிகளின்மேல் வெயில் படாமல் வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தாள். கார்தோபா நகரில் அவளுக்கு இதுதான் வேலை: மரத்துக்குள் சாறு ஓடுகிறதா என்று அளப்பது.

இரண்டு வருட வறட்சியில் தோட்டத்தின் நாற்பது மரங்களும் பட்டுவிட்டன என்றது ஊர். அப்பா இலாரியோ மட்டும், "குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்று தினமும் வாளி சுமந்தார். விறகுக்குத் தண்ணீர் ஊற்றும் கிழவன் என்று மதுக்கடையில் சிரித்தார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிப்போட எவுசேபியோ இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தான். அடக்கத்துக்கு மறுநாள் அது வரும்.

அடக்கத்தன்று காலையில் கறுப்பு உடையோடு இருவரும் மரத்தடிக்கு வந்தார்கள். மேல் ஊசி சூடேற்றப்பட்டது, கீழ் ஊசி சும்மா இருப்பது. இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைக் கைபேசி காட்டிக்கொண்டிருந்தது. விடியும்வரை அசையாமல் பத்து டிகிரி. வெயில் ஏறியது. ஒன்பதரை. ஒன்பது.

"இறங்குதே" என்றான் எவுசேபியோ.  "அவ்வளவுதான். இதுவும் போச்சு."

கசில்டா சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து வராத கண்ணீரும் சேர்ந்தே வந்தது.

"மடையா! சாறு மேல ஏறுறப்போ சூட்டையும் அடிச்சிக்கிட்டுப் போகுதுடா. இறங்கினா மரம் குடிக்குதுன்னு அர்த்தம்!"

அவன் தண்டின்மேல் கையை வைத்து நின்றான். எட்டரை. பிறகு இயந்திரக்காரனை அழைத்தான். "வண்டி வேண்டாம்ப்பா... இல்லல்ல, சாவு வீடுங்கிறதுக்காக இல்ல. எப்பவுமே வேண்டாம்."

தேவாலயத்தில் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியதும் எவுசேபியோ அக்காவிடம் கையை நீட்டினான். கைபேசியை வாங்கிப் பார்த்தான். பின்னால் அடுத்த வரிசையில் இருந்த மதுக்கடைக்காரரிடம் கொடுத்தான்.

"அப்பாவோட மரம். எண் இறங்கினா குடிக்குதுன்னு அர்த்தம்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.  பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். கைபேசி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. தலைகள் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ சத்தமாகவே சொன்னார்:

"ஏழே முக்கால்."

பாதிரியார் ஒருகணம் சவப்பெட்டியைப் பார்த்தார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.