காசிலிங்கம் வீட்டு ஒத்திகை

மூலக்குளத்தில் காசிலிங்கம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மகன் வாங்கிய கேடயங்களையெல்லாம் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டு, அதன் நடுத்தட்டில் சிவப்பாக ஒரு தீயணைப்பான் வீற்றிருந்தது. அலமாரி எப்போதும் பூட்டியிருக்கும். சாவி காசிலிங்கத்தின் சட்டைப்பையில் இருக்கும்.

அது கடையில் வாங்கிய பொருள் அல்ல, மரியாதையாக வந்தது. காசிலிங்கத்தின் குடும்பம் கைராசிக் குடும்பம். அவருடைய தாத்தா காலத்தில், வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கோடையில் தெருவே எரிந்தபோது இவர்கள் வீடு மட்டும் நின்றது. அந்தத் தெருவில் அது ஒன்றுதான் ஓட்டு வீடு, மற்றதெல்லாம் கூரை. ஆனால் கைராசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று முதல் புது வீட்டில் பால் காய்ச்சுவதானாலும் போகிக்கு நெருப்பு வைப்பதானாலும் இந்தக் குடும்பத்துக் கைதான் முதலில் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும். மூலக்குளத்துக்குக் குடிவந்தபோது அந்த உரிமையும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடவே வந்தது. இவர் ஏற்றிய போகி நெருப்பு ஒருமுறைகூட எல்லை தாண்டியதில்லை என்று சொல்லி, போன போகியன்று தெரு நலச்சங்கம் பொன்னாடை போர்த்தி அந்தத் தீயணைப்பானைக் கையில் கொடுத்தது.

ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மேலே பிடியைத் தடுத்திருக்கும் ஊசி யார் கையாவது பட்டுக் கழன்றுவிடக் கூடாதே என்று மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டினார்.

மருமகள் அன்புசெல்வி ஒருமுறை கேட்டாள். "மாமா, அத சமையல்ரூம் வாசல்ல மாட்டிடலாமா? அவசரத்துக்குக் கைக்கு எட்டும்."

"மரியாதைக்கு வந்த பொருள மொளகாத்தூள் டப்பா பக்கத்துல மாட்டுறதா?"

"தீ புடிச்சா இன்னா பண்றது?"

"யாரு வீட்டுல?" என்றார் காசிலிங்கம். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் கன்னியப்பனுக்கு மட்டும் இதில் வேறு கருத்து இருந்தது. போகி நெருப்பை முறைவைத்து ஆளுக்கொரு வருஷம் ஏற்றலாம் என்று சங்கக் கூட்டத்தில் அவன் சொல்லிப் பார்த்தான். கைராசி இருக்கும்போது முறை எதற்கு என்று வாயை அடைத்துவிட்டார்கள். காசிலிங்கம் வீட்டில் ஒரு பொறி பறந்தது தெரிந்தால் போதும், அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சு மறுபடி எழும். அது காசிலிங்கத்துக்கும் தெரியும்.

கார்த்திகை வந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று விளக்கேற்றிக்கொண்டிருந்தது. காசிலிங்கம் பட்டு வேட்டியும் வெற்றுடம்புமாக வாசல் விளக்குகளை ஏற்றி முடித்தார். அலமாரிக்கும் ஒரு விளக்கு வைப்பதுதான் முறை என்று தோன்றியது. அதை ஒட்டிய சன்னல் கட்டையில் ஓர் அகலை வைத்தார். சன்னல் திறந்திருந்தது. புதுத் திரைச்சீலை காற்றில் உள்ளே வந்து, அகலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போனது. போகும்போது எரிந்துகொண்டே போனது.

"ஐயோ, ஏங்க!" என்று அலறினாள் அவர் மனைவி தில்லையம்மாள்.

காசிலிங்கம் முதல் காரியமாக வாசல் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாத. கன்னியப்பன் எதுருல நிக்கிறான்."

திரைச்சீலையின் பாதி அறுந்து சோபாவில் விழுந்தது. சோபா உறையும் பற்றிக்கொண்டது. சமையலறையிலிருந்து ஓடி வந்த அன்புசெல்வி கையை நீட்டினாள். "மாமா, சாவி!"

"சட்டையில."

"சட்டை எங்க?"

"மாடியில."

அன்புசெல்வி மாடிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அலமாரிக் கண்ணாடியை ஒரே போடாகப் போட்டாள். தீயணைப்பானை வெளியே எடுத்து ஊசியை இழுத்தாள். வரவில்லை.

"இன்னா மாமா, இப்பிடி முடிச்சு போட்டிருக்கீங்க!"

"கெட்டியா இருக்கட்டும்னுதான்" என்றார் காசிலிங்கம், நிமிர்ந்து நின்றபடி.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியை உருவிப் பிடியை அழுத்தினாள். பீறிட்ட மாவில் சோபா, சன்னல், அலமாரி, தில்லையம்மாள், காசிலிங்கம் என்று எல்லாமே வெள்ளையாயின. தீ அணைந்தது.

கதவு தட்டப்பட்டது. "அண்ணே! சன்னல்ல பொக வருது. இன்னாண்ணே ஆச்சு?" கன்னியப்பன் குரல்.

காசிலிங்கம் கதவைத் திறந்தார். தலையிலும் புருவத்திலும் மாவு அப்பியிருந்தது. கன்னியப்பனுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது. சங்கச் செயலாளர் சுமலதாவும் நின்றாள்.

"ஒத்திகை" என்றார் காசிலிங்கம்.

"இன்னா ஒத்திகை?"

"வூட்டுல தீ வந்தா எப்பிடி அணைக்கிறதுன்னு ஒத்திகை பாத்தோம்."

"கார்த்திகை அன்னிக்கா?"

"தீ நாள் பாத்தா வருது?"

கன்னியப்பன் எட்டிப் பார்த்தான். "சோபா எரிஞ்சி கெடக்குதே."

"எரியாத சோபாவ எதுக்குப்பா அணைக்கணும்?"

கன்னியப்பன் எட்டிய தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சுமலதாவோ நெகிழ்ந்துபோயிருந்தாள். "சொந்த சோபாவையே எரிச்சிக் காட்டியிருக்காரு பாருங்க! ஐயா, இத நம்ம தெருவுல வூட்டுக்கு வூடு செய்யணும். நீங்கதான் வந்து சொல்லணும்." அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாகவும் நிறைவேறியது. மறுத்தால் ஒத்திகை பொய்யாகிவிடும். காசிலிங்கம் ஒப்புக்கொண்டார்.

காலியான தீயணைப்பானைத் துண்டால் மூடி ஸ்கூட்டரில் எடுத்துப்போய் நிரப்பி வந்தார். ஞாயிறுதோறும் அன்புசெல்வியை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வெடித்த கேஸ் ட்யூபை அவள் காட்டுவாள். "மாத்துங்க" என்பார் அவர். ஒரே பிளக்கில் அயர்ன்பாக்ஸும் ஹீட்டரும் செருகியிருப்பதைக் காட்டுவாள். "கழட்டுங்க" என்பார். சன்னலோரம் அகல் வைத்த கறையைக் கன்னியப்பன் வீட்டில் காட்டினாள். அங்கே மட்டும் அவர் குனிந்து அந்தக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

பிறகு, "திரைச்சீலையைக் கட்டி வைக்கணும்பா" என்றார்.

போகி விடியலில் தெருமுனையில் பழைய பாயும் முறமும் குவிந்திருந்தன. சுமலதா தீப்பெட்டியை நீட்டினாள். காசிலிங்கம் அண்ணாந்து பார்த்தார். மேலே கேபிள் ஒயர் தொங்கியது. இத்தனை வருஷமும் அது அங்கேதான் தொங்கியது.

"குவியல காலி மனைக்கு மாத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். மறுபடி தீப்பெட்டி வந்தது. காசிலிங்கம் அதை வாங்கி, ஒருமுறை பார்த்து, கன்னியப்பன் கையில் வைத்தார்.

"நீ ஏத்துப்பா."

கன்னியப்பன் திகைத்தான். "அண்ணே, உங்க குடும்பத்து உரிமையாச்சே!"

"ஏத்துறத யாரு வேணாலும் ஏத்துங்க. அணைக்கிறது எங்க குடும்பம். இனிமே அதுதான் எங்க உரிமை."

கன்னியப்பன் ஏற்றினான். முதுகு வளையாமல் காசிலிங்கம் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். குவியல் சாம்பலானதும், "அன்பு, மொதல்ல நீ ஊத்தும்மா" என்றார். அவள் வாளியைச் சரித்தாள். புகை எழுந்தது.

கன்னியப்பன் மெல்ல அவர் காதருகே வந்தான். "அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. அன்னிக்கு நெசமாவே ஒத்திகைதானா?"

காசிலிங்கம் சாம்பலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி ஊத்தும்போது பேசக் கூடாதுப்பா" என்றார்.