பந்து வெளியே வரும்வரை

எங்கள் மன்றத்தார் எட்டுப் பேரும் பொதுப்பணித்துறைக்காரர்கள் எட்டுப் பேரும் 1998 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தலையைக் குனிந்து, தோளோடு தோள் கோத்துக்கொண்டார்கள். இன்னும் நிமிரவில்லை. பந்தை நடுவில் உருட்டிவிட்டது நான்தான். அது வெளியே வந்தால் எடுப்பதற்காக அன்றிலிருந்து பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

மன்றத்தின் வரலாற்றை எழுதி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நின்றபடியே எழுதுவதால் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

மருதன்கோட்டை அரசு ஊழியர் ரக்பி மன்றம் 1991-இல் தொடங்கப்பட்டது. ஊழியர் விளையாட்டு விழாவுக்குக் கால்பந்து கேட்டு எழுதியிருந்தோம். வந்தவை முட்டை வடிவப் பந்துகள், பன்னிரண்டு. தாலுகா அலுவலக ஹெட் கிளார்க் சோலைமலை அதில் ஒன்றை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். அது உருண்டு விழுந்தது. தவறாக வந்துவிட்டதென்று திருப்பி அனுப்ப ஏழு கடிதம் எழுத வேண்டும். மன்றம் தொடங்க ஒன்று போதும். சோலைமலை ஒன்று எழுதினார்.

விளையாட்டின் விதிகளையும் அவரே மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து தமிழாக்கினார். அவருடைய தமிழ் ஆபீஸ் தமிழ். ‘பந்தை முன்னோக்கி வீசுதல் கூடாது, பின்னோக்கி மட்டுமே அனுப்பப்படலாம்’ என்பது முதல் விதி. எங்களில் யாருக்கும் இதில் சிரமம் இருக்கவில்லை. கோப்புகளை அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தலைகுனிந்து ஒருவரையொருவர் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் உண்டு. நாங்கள் முட்டு என்போம். அதைப் பற்றிய பதினான்காம் விதிக்கு இரண்டு பகுதிகள். முட்டுக்கு அருகில் வெளியார் யாராவது தன் தலையைத் தன் இடுப்புக்குக் கீழே கொண்டுபோனால் முட்டு கலைந்ததாகக் கருதப்படும். அரசு ஊழியர் அப்படிச் செய்தால் அவர் முட்டில் சேர்ந்ததாகக் கருதப்படும். அதனால் மைதானத்தில் எது கீழே விழுந்தாலும் யாரும் குனிவதில்லை. உட்கார்ந்து எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம். முதுகுவலி இல்லாத தாலுகா எங்களுடையது.

அந்த ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. பந்து வரவில்லை. சோலைமலை மேலே எழுதினார். ‘பந்து வெளியே வரும்வரை பதினாறு பேரும் பணியில் இருப்பதாகக் கொள்ளலாம்’ என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் பந்து வருமுன் முட்டு கலைந்தால் அத்தனை நாளும் யாரும் வேலையே பார்க்கவில்லை என்று ஆகிவிடும். ஆகவே கலையவில்லை. ஒருவர் வெளியே வர வேண்டுமென்றால் அவர் இடத்துக்கு அதே துறையிலிருந்து ஆள் வர வேண்டும், பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எந்த ஆபீஸிலும் உள்ள வழக்கம்தான். சோலைமலை ஓய்வு பெற்றபின் ஆள் கேட்டு எழுதுவதும் சேர வருகிறவர்களின் அறிக்கையை வாங்குவதும் என் வேலை.

வேலை எதுவும் தடைபடவில்லை. கோப்புகள் புல்வழியே நகர்த்தப்பட்டு, கையெழுத்தாகித் திரும்பின. பட்டா கேட்டு வருகிற ஜனங்கள் ஆபீஸைவிட மைதானத்துக்கு வருவதையே விரும்பினார்கள். சீட்டில் ஆள் இல்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தூக்கத்துக்கும் குறைவில்லை, பதினாறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பதால். புது நியமனங்கள் நிறுத்தப்பட்டிருந்த வருஷங்களில் எங்கள் பக்கம் வயசாளிகளாகி, பதினோரு அடி பின்னால் தள்ளப்பட்டோம். பிறகு ஆட்கள் வந்து நாலடி மீட்டார்கள்.

முதல் நாள் குனிந்தவர்களில் எஞ்சியிருந்தவர் சர்வேயர் பால்ச்சாமி அண்ணன் ஒருவர்தான். முன்வரிசையில் நடு ஆள். நடு ஆளின் முகத்தை யாரும் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் தோள்கள் மறைக்கும். தலையைத் தரையோடு தரையாக வைத்தால்தான் தெரியும். அவரும் யாரையும் பார்க்க முடியாது, கால்களைத் தவிர. தாசில்தார்களை அவர் செருப்பை வைத்து அடையாளம் சொல்வார். அவர் மனைவி சின்னத்தாய் மூன்று வேளையும் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி ஊட்டிவிடுவார்.

முட்டு தொடங்கி மூன்று மாதம் கழித்து அவர்களுக்குப் பெண் பிறந்தது. இருபத்தெட்டாம் நாள் தூக்கி வந்து பாதங்களைப் புல்லில் வைத்துக் காட்டினார்கள். பால்ச்சாமி அண்ணன் வினோதினி என்று பெயர் சொன்னார். அதன்பிறகு அந்தக் கால்கள் வாரம் தவறாமல் வந்தன. கொலுசு போட்டு வந்தன, கான்வாஸ் ஷூ போட்டு வந்தன. ஏழாம் வகுப்பில் சைக்கிள் செயின் கிழித்து இடது கணுக்காலில் பிறை மாதிரி ஒரு தழும்போடு வந்தன.

“கால் மெலிஞ்சிருக்கு. காலேஜ்ல சரியாச் சாப்பிடறதில்லையா?” என்று ஒருமுறை கேட்டார்.

“அது புதுச் செருப்புப்பா. அப்படிக் காட்டுது” என்றாள்.

அவளுடைய ஆதார் அட்டையைப் புல்லில் வைத்துக் காட்டியதும் உண்டு. அதில் இருப்பது யாரென்று அவரால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஜூன் எட்டாம் தேதி வினோதினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கதிரேசன், ஓசூரில் தனியார் கம்பெனி.

“சேது” என்று கூப்பிட்டார் பால்ச்சாமி அண்ணன். நான் அவர் பக்கம் போய் உட்கார்ந்தேன். “கல்யாணப் பொண்ணு காலைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். மெட்டி கிடக்கும். அது பிரச்சினையில்ல. ஒருதடவை முகத்தைப் பார்த்துடணும். அவ ஓசூர் போயிட்டா அப்புறம் காலும் வராது.”

“மாத்து ஆள் கேட்டு எழுதியிருக்கேண்ணே.”

“எத்தனாவது தடவை?”

“மூணாவது.”

“முத்தழகுக்கு எத்தனை தடவை எழுதினே?”

கருவூலத்து முத்தழகு ஓய்வு பெற்று, மாற்று ஆள் வர இரண்டு வருஷம் நாலு மாதம் ஆனது. அறுபதாம் கல்யாணம்கூட உள்ளேயே நடந்தது. தாலியை மட்டும் வெளியே நீட்டினார்.

எதிர்த்தரப்பின் நடு ஆள், ஓவர்சீயர் ஜேசுராஜ், பால்ச்சாமி அண்ணனின் கன்னத்தோடு கன்னம் வைத்திருப்பவர். அவர் சொன்னார்: “அண்ணே, உங்க தாடி முள்ளை பதினோரு வருஷமா என் கன்னம்தான் தாங்குது. நான் ஒருநாளாவது ரிலீவ் கேட்டேனா?”

“நீ பேசாம தள்ளு” என்றார் பால்ச்சாமி அண்ணன்.

மே மாதம் முடிந்தது. ‘கலந்தாய்வு முடிந்ததும் ஆள் அனுப்பப்படும்’ என்று நில அளவைத் துறையிலிருந்து பதில் வந்தது. அதே வாரம் வினோதினி மைதானத்துக்கு வந்தாள்.

“அப்பா, வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு. உங்க டிபார்ட்மென்ட்தான். வரைவாளர்.”

“எந்த ஊரு?”

“கலந்தாய்வுல நாமளே கேட்கலாமாம்.”

“ஓசூர் பக்கம் கேளு. மாப்பிள்ளைக்கும் தோது. ஆர்டரைக் கையில வாங்கு, ஜாயின் பண்றது கல்யாணத்துக்கு அப்புறம் வச்சுக்கலாம்.”

அவள் கால் கட்டைவிரல் புல்லுக்குள் மடங்கியது.

“விரலை மடக்காதே. எதையாவது மறைக்கும்போதுதான் கட்டைவிரலை மடக்குவே நீ. ரெண்டு வயசுலேர்ந்து பார்க்கிறேன்.”

“புல்லு குத்துதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் நான்காவது கடிதம் எழுதினேன். நாற்பது வரி. முகம் என்ற சொல்லை அதில் எங்கே வைப்பதென்று தெரியாமல் மூன்று முறை அடித்து எழுதினேன். கடைசியில் அதை எடுத்துவிட்டு ‘சொந்த அலுவல்’ என்று போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஜூன் எட்டாம் தேதி மண்டபத்தில் தாலி கட்டி முடித்து, பத்தரைக்கு எல்லாரும் ஒரு வேனில் மைதானத்துக்கு வந்தார்கள். முன்பே பதினாறு முதுகுகளிலும் சந்தனம் வைத்திருந்தது. பால்ச்சாமி அண்ணனுக்கு மாலையைக் கழுத்தில் போட முடியாததால் இடுப்பில் சுற்றினார்கள். நாதஸ்வரக்காரர் நிமிர்ந்து நின்று வாசித்தார். அவரிடமும் மாப்பிள்ளையிடமும் குனியக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். மாப்பிள்ளை நின்றபடியே கைகூப்பி, “நமஸ்காரம் மாமா” என்றார்.

“செருப்பு எட்டாம் நம்பரா?” என்று கேட்டார் பால்ச்சாமி அண்ணன்.

“ஒன்பது மாமா.”

“சரி. நல்லாயிருங்க.”

வினோதினி என்னிடம் வந்தாள். பட்டுப்புடவை மடிப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். “சேது மாமா, முதல்ல இதை வாங்கிக்குங்க.” பணியில் சேர்வதற்கான அறிக்கை அது. மருதன்கோட்டை என்றிருந்தது. அன்றைய தேதி, முற்பகல். நான் வாங்கிக்கொண்டு நேரம் போட்டேன். பத்து நாற்பது.

பிறகு அவள் அப்பாவின் காலில் விழுந்தாள்.

நெற்றி புல்லில் பட்டது. மெல்ல முகத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். நாதஸ்வரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முட்டுக்குள்ளே மூச்சு விடும் சத்தம் எப்போதும் கேட்கும். அப்போது அது கேட்கவில்லை.

“மூக்குத்தி எந்தப் பக்கமா இருக்கும்னு யோசிச்சிட்டே இருந்தேன்” என்றார் பால்ச்சாமி அண்ணன்.

“வலது பக்கம்ப்பா.”

“ஆமா. வலதுதான்.”

“நீங்க நல்லா நரைச்சுட்டீங்க.”

“அப்படியா? எனக்கு யாரும் சொல்லலை.”

“நான் சொல்லணும்னு இருந்தேண்ணே” என்றார் ஜேசுராஜ். “கல்யாணம் முடியட்டும்னு விட்டேன்.”

பதினான்காம் விதிப்படி அவள் முட்டில் சேர்ந்துவிட்டாள். அப்பாவின் இடம் அவளுக்கு. பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். எந்தத் தோளை எங்கே கொடுப்பது, மழையென்றால் காலை எப்படி ஊன்றுவது, ஜேசுராஜ் தும்முவதற்கு முன்னால் என்ன சத்தம் போடுவார். ஐந்து நிமிட வேலை. பால்ச்சாமி அண்ணன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் சொல்லும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது தடவை சொன்னார். பன்னிரண்டு மணி ஆகும்வரை ஒப்படைத்தார். முற்பகலுக்கு அதற்குமேல் இடமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து, “அண்ணே” என்றேன்.

அவள் தோளைக் கொடுத்தாள். அவர் நழுவி வெளியே வந்தார்.

நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்ததும் எல்லாருடைய முகங்களையும் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஒருவரையும் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்ற சின்னத்தாய் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார்.

“நீயா?” என்றார்.

“வேற யாரு? சாப்பிட வாங்க.”

அவர் போகவில்லை. திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். பட்டுப்புடவையை வாரிச் செருகியிருந்த கால்களில் இடது கணுக்காலில் பிறைத் தழும்பு இருந்தது. ஓய்வு பெற்றவர் வெளியார். இனி அவர் அங்கே குனியக் கூடாது. அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஓசூர்லேர்ந்து நேர் பஸ் இருக்கு மாமா. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினா ஞாயித்துக்கிழமை இங்க இருக்கலாம்” என்றார் மாப்பிள்ளை, முட்டைப் பார்த்தும் அவரைப் பார்த்தும் பொதுவாக.

“ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் வருவாங்க” என்றார் பால்ச்சாமி அண்ணன்.

வேன் புறப்படத் தயாராக இருந்தது. அப்போது உள்ளேயிருந்து வினோதினியின் குரல் வந்தது.

“சேது மாமா, இங்க ரெண்டு கிடக்கு.”

“எது?”

“பந்து. பெரிசு ஒண்ணு. அதை ஒட்டிக் குட்டி மாதிரி சின்னதா ஒண்ணு.”

“நாலஞ்சு மாசமா ஏதோ குதிகால்ல உரசிட்டுத்தான் இருந்துச்சு” என்றார் பால்ச்சாமி அண்ணன்.

ஒரு பந்தை எடுக்க ஓர் ஆள் என்பது விதி. இன்னோர் ஆள் கேட்டு இன்று காலைதான் எழுதியிருக்கிறேன். அந்த ஆள் வரும்வரை பால்ச்சாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலை நிமிர்ந்தே இருக்கிறது. கைகள் இரண்டும் புல்லில் விரிந்திருக்கின்றன, சின்னதற்குத் தக்கபடி கொஞ்சம் நெருக்கமாக. நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.